மாத்திரைக்கு ஒரு வினைச்சொல்

உங்களைக் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு உங்கள் உடம்பைப் பற்றி ஒரு விஷயம் தெரியாது, அதை நீங்களே இங்கிலீஷில் மெசேஜ் அனுப்பிச் சொல்லவேண்டும் என்றால், எந்த வார்த்தையை எடுப்பீர்கள்? சட்டென்று சொல்லுங்கள் பார்ப்போம். வரவில்லை அல்லவா? எனக்கும் வரவில்லை. இத்தனைக்கும் நான் பி.ஏ. இங்கிலீஷ். காரைக்குடியில் ஒரு பழைய வீட்டை ஹோட்டலாக்கி நடத்துகிறவர்களுக்கு இன்ஸ்டாகிராம் கேப்ஷன் எழுதிச் சம்பளம் வாங்குகிற ஆள். இங்கிலீஷ் என்றால் நம்ம ஏரியா என்று கெத்தாகத் திரிந்துகொண்டிருந்தேன்.

கேட்டது என் ஆச்சி. ஆச்சி என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீடுகளில் அக்காவைத்தான் ஆச்சி என்போம். இவள் பெரியப்பச்சி என்று நாங்கள் கூப்பிடுகிற பெரியப்பாவின் மகள், பி.காம்., என்னைவிட மூன்று வயது மூத்தவள். பக்கத்தில் இருக்கிற செக்காலைக்குப் போவதென்றாலும் ஆட்டோதான். சொகுசுக்காரி என்று தெருவில் பேர். அவளுக்கு வலிப்பு உண்டு, ஸ்கூட்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்பது வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும். காலேஜில் ஒருதரம் வந்து விழுந்தாள். அதற்கப்புறம் வரவில்லை. காலையும் மாலையும் மாத்திரை. பெரியாத்தா, அதாவது அவள் அம்மா, அந்த மாத்திரை அட்டைகளைச் சமையலறையில் ஒரு பழைய மல்லித்தூள் டப்பாவில் போட்டு வைத்திருப்பார். விருந்தாளி கண்ணில் படக்கூடாதாம். மாத்திரையைப் பிரித்தால் சாம்பார் வாசம் அடிக்கும்.

மாப்பிள்ளை பினாங்கு. அங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், எழுத்துக்கூட்டத் தெரியாது. ஜாதகம் பொருந்தி, இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போய், பேசி முடிக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனில் தமிழிலேயே சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். போன் வந்தால் பெரியாத்தா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். மெசேஜ் மட்டும்தான் ஆச்சிக்குச் சொந்தம்.

அன்றைக்கு வீட்டின் உள்கட்டில் சாமான் அறையைத் திறந்து போட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் பெண் பிறந்த நாளிலிருந்தே கல்யாணச் சாமான் சேரத் தொடங்கிவிடும். வெள்ளிக் குத்துவிளக்கு, பித்தளை அண்டா, எவர்சில்வர் தூக்கு, மங்கு என்கிற பீங்கான் ஜாடி, கடைசியில் விளக்குமாறு வரைக்கும். கல்யாணத்தன்றைக்கு அத்தனையையும் தரையில் வரிசையாகப் பரப்பி வைப்போம். வந்தவர்கள் நடுவில் நடந்து பார்ப்பார்கள், கையில் எடுத்துத் தட்டிப் பார்ப்பார்கள், குறை சொல்லவும் செய்வார்கள். அதற்காக எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவைக்கும் வேலை. ஆச்சி ஒரு தூக்கைத் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"டேய், மறைச்சு வச்ச ஒன்ன வெளிய சொல்றதுக்கு இங்கிலீஷ்ல நல்ல வார்த்தையா ஒன்னு சொல்லுடா."

"ரிவீல்" என்றேன், யோசிக்காமல்.

"அத நீ தெனமும் ஓட்டலுக்கு எழுதுறியே. நான் என்ன படத்துக்கு டீசரா விடப்போறேன்?"

"அன்வீல்?"

"எம்.எல்.ஏ. வந்து கயித்த இழுக்கணும். வேற சொல்லு."

"டிஸ்க்ளோஸ். டீசன்ட்டா இருக்கும், ஆச்சி."

"இன்சூரன்ஸ்காரவுக பேப்பர்ல பொடி எழுத்துல கெடக்குமே, அதுவா? படிச்சதும் அவருக்கு என்ன தோணும்? இந்தப் பொண்ணு வக்கீல வச்சு எழுதுது போலன்னுதானே?"

போனில் அகராதியைத் திறந்தேன். மானப் பிரச்சினை. "டைவல்ஜ்னு ஒன்னு இருக்கு. சொல்லக்கூடாதத சொல்லிப்புடுறது."

"இது சொல்லக்கூடாததாடா?"

நான் அகராதியை மேலே தள்ளினேன். அவள் தூக்கைத் திருப்பி அடிப்பக்கத்தைத் துடைத்தாள். பிறகு நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "அப்ப கன்ஃபெஸ் போடு. மனசத் தொடும்" என்றேன்.

தூக்கு டங் என்று தரையில் உட்கார்ந்தது. "கன்ஃபெஸ் பண்றதுக்கு நான் என்னடா தப்பு பண்ணேன்?"

அந்த இடத்தில்தான் எனக்குப் புல்லரித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று வருடப் படிப்பில் ஒரு வகுப்பிலும் இப்படி ஆனதில்லை. ஒரே விஷயம். ஒரு பெண் இரண்டு வேளை மாத்திரை போடுகிறாள், அவ்வளவுதான். ஒரு வார்த்தையை வைத்தால் அவள் குற்றவாளி. இன்னொன்றை வைத்தால் இன்சூரன்ஸ் கம்பெனி. எக்ஸ்போஸ் என்று வைத்தால் யாரோ அவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்கள். வாக்கியம் முடிவதற்குள்ளேயே, யார் பக்கம் தப்பு என்று அந்த வினைச்சொல் தீர்ப்பு எழுதிவிடுகிறது. அத்தனை வார்த்தைகளையும் நான் கேப்ஷனில் சோளப்பொரி மாதிரி அள்ளி இறைத்திருக்கிறேன். இவள் ஒவ்வொன்றையும் ஜாடியைத் தட்டிப் பார்க்கிற மாதிரி தட்டி, விரிசலைக் காதால் கேட்டு, ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

"சும்மா டெல்னு போட்டா என்ன? ஐ வான்ட் டு டெல் யூ சம்திங்?"

"அத படிச்ச ஒடனே அவருக்கு நெஞ்சு அடிச்சுக்கும்டா. எவனையோ லவ் பண்ணேன்னு சொல்லப்போறேன்னு நெனப்பாரு."

அதுவும் சரிதான்.

அதற்குள் பெரியாத்தா வந்துவிட்டார். "என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசுறீக? இங்குட்டு வேல கெடக்கு." எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "அடியே, அதச் சொல்லப் போறியா? சொல்லாதடி. கல்யாணம் முடியட்டும், பக்குவமாச் சொல்லிக்கலாம். இப்பச் சொன்னா பினாங்கு வரைக்கும் நாறிப்போகும்."

"ஆத்தா, அன்னைக்கு வெளக்குமாறக்கூடப் பரப்பி வைக்கிறோம்ல? ஒட்டுப்போட்ட ஜாடியையும் வைக்கச் சொல்றீகள்ல? மறைச்சா அசிங்கம்னு நீகதானே சொன்னீக?"

"அது சாமான்டி."

"இதுவும் என்கூட வர்றதுதானே."

சொல்லிவிட்டு எழுந்து போனாள். திரும்பி வந்தபோது கையில் மாத்திரை அட்டை. துடைத்து வைத்திருந்த சாமான்களை இழுத்து வரிசையாக வைத்தாள். தூக்கு, ஒட்டுப்போட்ட மங்கு ஜாடி, இடியாப்பக் கட்டை, குத்துவிளக்கு. விளக்குக்கும் ஜாடிக்கும் நடுவில் அட்டையை வைத்தாள், மாத்திரையின் பெயர் மேலே தெரிகிற மாதிரி. ஸ்டூல் மேல் ஏறி, மேலிருந்து ஒரு போட்டோ. பெரியாத்தா, "இவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு, நீயாச்சும் சொல்லேன்டா" என்று என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். நான் எங்கே சொல்வது? ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போட்டோவின் கீழே அவள் எழுதியது இவ்வளவுதான்: இவையெல்லாம் என்னோடு வரும். இங்கிலீஷில் நாலைந்து வார்த்தை. நான் தேடிக் கொடுத்த ஒரு வினைச்சொல்லும் அதில் இல்லை. மறைத்ததாகவும் இல்லை, வெளியிட்டதாகவும் இல்லை. எங்கள் ஊரில் நூறு கல்யாணங்களில் நான் காலால் தாண்டி நடந்த வழக்கம், அதை ஒருத்தி எடுத்து ஒரு மொழியாகவே பேசிவிட்டாள். அனுப்பிவிட்டாள்.

"என்னடி எழுதுன? வலிப்புன்னு எழுதிட்டியா?"

"எழுதல ஆத்தா. மாத்திர பேரு தெரியுது. வேணும்னா அவரு தேடிப் பாத்துக்குவாரு. கேட்டா எல்லாத்தையும் சொல்லுவேன்."

டிக் நீலமாயிற்று. பதில் இல்லை. பெரியாத்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஆச்சி அடுத்த அண்டாவைத் துடைக்கத் தொடங்கினாள். ஒரே இடத்தையே துடைத்துக்கொண்டிருந்ததால் அங்கே மட்டும் தங்கம் மாதிரி மின்னியது. அவள் கண் அண்டாவில் இல்லை, போனில் இருந்தது. இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டா என் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தாள்?

சாப்பிட்டு முடித்த பிறகுதான் பதில் வந்தது. ஆச்சி படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள். நான்தான் பெரியாத்தாவுக்குத் தமிழில் சொன்னேன். "என் கண் முன்னால் வலிப்பு வந்தால் நான் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்டிருந்தார்.

பெரியாத்தா எழுந்து வந்து ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம், "ஒருச்சாய்ச்சுப் படுக்க வைக்கச் சொல்லு. வாயில எதையும் திணிக்கக்கூடாதுன்னு சொல்லு" என்றார். ஆச்சி எழுதினாள்.

மாப்பிள்ளை தன் வீட்டில் சொல்லிவிட்டார். அங்கே அவருடைய அம்மா இரண்டு நாள் பேசவில்லையாம். பேசி முடிக்கிற நாளைத் தள்ளி வைத்தார்கள். டாக்டரை நானே நேரில் பார்க்கிறேன் என்று மாப்பிள்ளை விமானம் ஏறிவிட்டார். ஆச்சியை அவரோடு தனியாக எப்படி அனுப்புவது என்று பெரியாத்தா துணைக்கு என்னையும் காரில் ஏற்றிவிட்டார்.

மதுரையில் நரம்பு டாக்டரின் கிளினிக் வாசலில் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன். ஆச்சியும் அவரும் உள்ளே போயிருக்கிறார்கள், கதவு சாத்தியிருக்கிறது.