ஒட்டாத தோள்

முதலில் தோளைத்தான் எடுப்பார். மண்டையோட்டைத் தூக்கிக் கண்குழிக்குள் எட்டிப் பார்ப்பதெல்லாம் வேலைக்குப் புதிதாய் வந்தவர்கள் செய்வது. எலும்பக்கா என்று எல்லோரும் கூப்பிடும் அவர், தோள் எலும்பைத் தூரிகையால் துடைத்து, விளக்கடியில் திருப்பி, அதன் நுனியைக் கட்டைவிரலால் தடவுவார். "வாய்யா ராசா, நீ என்ன வேலை பார்த்தே?" என்று கேட்பார். அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில், பழைய போர்க்களங்களிலும் புதைகுழிகளிலும் தோண்டி எடுக்கப்பட்டவர்கள் எலும்புக்கூடுகளாக நீள மேசைகளில் படுத்திருப்பார்கள்.

வில்லாளிகள் என்றால் அக்காவுக்கு உயிர். தோளின் நுனி சிறுவயதில் தனித் துண்டாக இருக்கும். இருபது வயதைத் தாண்டினால் ஒட்டிக்கொள்ளும். பால்மணம் மாறாத வயதிலேயே வில்லை இழுத்தவனுக்குப் பல சமயம் ஒட்டுவதில்லை. அந்தப் பிளவை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்.

பார்வையாளர் யாராவது வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டால் போச்சு, அன்றைய தேநீர் ஆறிவிடும். கல்முனை அம்பால் மான் அடித்தவர்கள், தேரில் நின்று எய்தவர்கள், குதிரைமேல் திரும்பி எய்தவர்கள் என்று மேசை மேசையாகக் கூட்டிப்போவார். கடைசி மேசையில் எல்லாத் தோளும் ஒட்டியிருக்கும்.

"துப்பாக்கி வந்துடுச்சு. ஆரம்பத்துல அது வில்லு அளவுக்கு வேகமாக்கூடச் சுடாது. ஆனா ஒரு வில்லாளிய உருவாக்க ஒரு பிள்ளைப்பருவமே வேணும். துப்பாக்கிக்கு, நேத்து ஏர் ஓட்டினவன் போதும். எந்த ராஜா காத்திருப்பான்?"

மகனுக்கு ஏழு வயதில் வில் வாங்கிக் கொடுத்தவரும் அக்காதான். "புள்ளைக்கு வேற விளையாட்டே கிடைக்கலையா?" என்றார் கணவர். "செத்தவங்களோடயே குடித்தனம் பண்றேன். உயிரோட ஒரு வில்லாளிய நான் பார்க்க வேணாமா?" என்று அவர் வாயை அடைத்துவிட்டார். பிள்ளையும் சோடை போகவில்லை. இருபத்து மூன்று வயதில் நாட்டு அணிக்கான தேர்வு வரை வந்துவிட்டான்.

சென்ற மாதம் தோள் வலிக்கிறது என்றான். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். முடிவை வாங்க அக்கா மட்டும் போனார். மருத்துவர் கூப்பிடும்வரை பொறுக்காமல் உறையைப் பிரித்து, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவர், அதிலிருந்த தோள் நுனியைக் கட்டைவிரலால் தடவினார். நுனி ஒட்டவில்லை.

"தசைநாரும் கிழிஞ்சிருக்கு. இனிமே அவர் வில்லைத் தொடக்கூடாது. நான் சொல்லட்டுமா?" என்றார் மருத்துவர்.

"வேணாம் டாக்டர். நானே சொல்லிக்கிறேன்."

சொல்லவில்லை. மகன் கேட்டபோது "சுளுக்குதான்" என்று சமாளித்துவிட்டார். முன்பின் தெரியாதவர்களின் கதையை எல்லாம் பட்டென்று போட்டு உடைத்த வாய்க்கு, பெற்ற பிள்ளை முன்னால் பூட்டு விழுந்துவிட்டது. "என் கையாலேயே பண்ணிட்டேங்க" என்று கணவரிடம் மட்டும் அழுதார். அவரும் பாவம், பழைய பேச்சை எடுக்காமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தேர்வு நாளும் வந்தது. அணிச் சட்டையைத் தலைவழியே மாட்டிக்கொள்ள மகன் வலது கையைத் தூக்கினான். கை பாதியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஒத்தடம் கொடுத்தா சரியாயிடும்மா. இன்னைக்கு ஒரு நாள் எய்யலாம்ல?"

அக்கா அந்தச் சட்டையை அவனிடமிருந்து வாங்கி மடித்து, அவன் வில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அலமாரியிலிருந்து அவன் அப்பாவின் பொத்தான் சட்டையை எடுத்து விரித்து, வலிக்கிற கையை முதலில் நுழைத்தார். பிறகு இடது கை. குனிந்து, கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டே வந்தார். கழுத்துப் பொத்தான் வரை மகன் அசையாமல் நின்றான்.