முதல் பாடத்துக்கு ஒரு விரல்

வாக்கு எண்ணிக்கை அன்று மாலை, தாம்பரம் மார்க்கெட் பக்கத்து மாடியில் இருக்கும் எங்கள் வட்டார வார இதழின் அலுவலகத்தில், ஆசிரியர் டிவியின் சத்தத்தை மட்டும் அணைத்துவிட்டு என் கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தார். திரையில் எட்டுப் பேர் வாயசைத்துச் சண்டை போட்டார்கள். ‘தேர்தல் தந்த ஐந்து பாடங்கள்’ என்று தலைப்பு வைத்திருந்தேன். யார் ஜெயித்தார், ஏன் தோற்றார் என்பதெல்லாம் இரண்டாம் பாடத்திலிருந்துதான். முதல் பாடம், ஓட்டுப் போடாமல் ஊர் சுற்றப் போன நகரத்து மக்களுக்கு நான் கொடுத்த சாட்டையடி.

அந்தப் பாடம் அவருக்கு வேண்டியிருந்தது. தேர்தலுக்கு முன்பு, பத்திரிகை வேலையையும் ஒதுக்கிவிட்டு அடுக்குமாடி அடுக்குமாடியாக ஏறி, “யாருக்குன்னு கேக்கல, போட்டா போதும்” என்று கும்பிட்டு வந்தவர் அவர். வாட்ச்மேன்கள் கூரியர்காரர்களோடு அவரை வெயிலில் நிற்கவைத்தார்கள். கடைசியில் எங்கள் பகுதியில் வாக்குப்பதிவு முன்பைவிடக் குறைந்துபோனது. அந்தத் தோல்வியைப் பற்றி எந்த டிவியிலும் விவாதம் நடக்கவில்லை.

“மொத பாடத்த ஃப்ரண்ட் பேஜ்ல போடறேன் சார்,” என்றார். “பக்கத்துல உங்க விரல் போட்டோ. நகத்துல மை இன்னும் கொஞ்சம் இருக்கும்ல?”

இருக்காது. வாக்குப்பதிவு விடுமுறையோடு வார இறுதியும் சேர்ந்துகொண்டதால், அன்று விடிவதற்குள் குடும்பத்தோடு ஏலகிரிக்குக் கிளம்பிவிட்டேன். சிங்கப்பெருமாள் கோவில் அருகே நெரிசலில் கார் நின்றபோது முன்னும் பின்னும் பாதித் தாம்பரம் நின்றது. என்ன பொறுப்பில்லாத ஜனங்கள் என்று கொதித்துப்போய், காரில் உட்கார்ந்தபடியே செல்போனில் எழுதியதுதான் அந்த முதல் பாடம்.

“அழிஞ்சிடுச்சு சார். வீட்ல பாத்திரம் தேய்க்கிறது நான்தானே,” என்று சிரித்தேன். நகைச்சுவை எழுதுகிறவனுக்கு இது ஒரு வசதி. பொய்யையும் சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

ஆசிரியர் தன் இடது கையைப் பார்த்தார். நகத்தில் கறுப்புக் கோடு அப்படியே இருந்தது.

“எங்க வீட்லயும் நான்தான் சார் தேய்க்கிறேன்.”

கட்டுரையை முகத்தில் வீசுவார் என்று காத்திருந்தேன். வீசியிருந்தால் பிழைத்திருப்பேன். அவரோ தன் விரலை மேசைமேல் நீட்டிவைத்துப் படமெடுத்து, என் பெயருக்கு மேலே பொருத்தினார். “ஜனங்க படிக்கணும் சார். அடுத்த தடவையாச்சும் நாலு பேர் போவாங்க.”

இதழ் வந்த அன்று பூங்காவில் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “சாட்டையடி சார்! உங்கள மாதிரி ஆளுங்க சொன்னாத்தான் இவங்களுக்கெல்லாம் ஒறைக்கும்.” வீட்டில் மனைவி முதல் பக்கத்தை ஒருமுறை பார்த்தாள். “இது யாரு விரலு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

ஆசிரியர் இன்றும் வாராவாரம் கூப்பிடுகிறார். “மேட்டர் ரெடியா சார்?” என்கிறார், அதே மரியாதையோடு. அன்று நாலு வார்த்தை திட்டியிருந்தாரானால், அந்தத் திட்டையே ஒரு கட்டுரையாக்கி, ஊரைச் சிரிக்கவைத்துத் தப்பித்திருப்பேன். அதற்கு அவர் இடம் வைக்கவில்லை.