கொடுவா மீனுக்குப் போடும் நரம்பு

குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த என் மனைவியின் அண்ணன், மூன்று ஒட்டகப் பொம்மைகளோடு ஒரு ஊத்தும் கொண்டுவந்தார். ஊத் என்பது அரபு நாட்டு வாத்தியம். பூசணிக்காயை நெடுக்காக அறுத்து, வெட்டிய பக்கத்தில் பலகை ஒட்டி, கழுத்தைப் பின்னால் ஒடித்துவிட்டதுபோல் இருக்கும். ஐந்து ஜோடி நரம்பும் ஒரு தனி நரம்புமாகப் பதினொன்று. மச்சான் அதைக் கூடத்துச் சுவரில் மாட்டி பிளாஸ்டிக் மாலை போட்டிருந்தார். பெரிய டிவி வாங்கியதும் சுவர் தேவைப்பட்டது. ஊத் எங்கள் வீட்டுக்கு வந்தது. கீரனூரில் ஒரு பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருப்பவன் நான். எதையும் அளந்து செய்கிறவன் என்பதால் எனக்குத்தான் அது பொருத்தம் என்றார் மச்சான். டிவியை அளந்தவர் அவர்தான்.

தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஊத் வாசிக்கிறேன் என்று நான்கு வருடங்களாக எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். என் நாட்குறிப்பின்படி, சுருதி சேர்ப்பு ஐம்பத்திரண்டு நிமிடம், வாசிப்பு எட்டு நிமிடம். நரம்பைச் சுற்றி இறுக்கும் பிரடைகள் வெறும் மரக்கட்டைகள். மழைக்காலத்தில் ஊதி நகர மறுக்கும், கோடையில் சுருங்கி வழுக்கும். கடைசி நரம்பைச் சேர்த்து நிமிரும்போது முதல் ஜோடி தன் இஷ்டத்துக்கு இறங்கியிருக்கும்.

என் மனைவி ஆவூர் மாதா கோயில் பாடகர் குழுவில் பதினாறு வருடம் பாடியவள். கீபோர்டு வாசிக்க ஒரு பொறியாளர் வந்து சேர்ந்ததும், எல்லாப் பாட்டும் கல்லூரிப் பெண்களின் குரலுக்கு ஏற்ற உயரத்துக்குப் போயின. ஒரு பயிற்சியின்போது அவர் எல்லோர் முன்பும் மிகுந்த மரியாதையோடு சொன்னாராம்.

"அக்கா, ஒங்களுக்கு மேல எட்டலக்கா. நீங்க சும்மா வாயசைங்க, போதும்."

கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் சுருதி இறங்கிவிடும். அமுக்கினால் தானும் இறங்கிவிடுவோம் என்று பயந்திருப்பார். அவள் அன்று வீட்டுக்கு வந்து பாட்டு நோட்டை பீரோவின் மேல் வைத்துவிட்டு மீன் கழுவப் போனாள். பிறகு குழுவுக்குப் போகவில்லை. ஏன் என்று யாரும் வந்து கேட்கவும் இல்லை.

மச்சான் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள். நற்கருணை கொடுக்கும்போது பாடும் திருவிருந்துப் பாடலைத் தான் தனியாக, தன் சுருதியில் பாட வேண்டும். துணைக்கு என் ஊத் மட்டும் போதும். பங்குத்தந்தை ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: வெள்ளிக்கிழமை மாலை ஒத்திகை. சரிவராவிட்டால் சனிக்கிழமை கல்யாணத்தில் கீபோர்டு, வழக்கமான குழு, வழக்கமான உயரம்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு, இரண்டாம் ஜோடியில் ஒரு நரம்பு அறுந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் நாற்பது நாள் ஆகும். வாத்தியக் கடையில் தொலைபேசியில் கேட்டேன். கிடார் நரம்பு தரட்டுமா என்றார்கள், செருப்புக் கடையில் வேறு அளவு காட்டுவதுபோல. வெளிநாட்டில் இந்த வாத்தியக்காரர்கள் பலர் மீன்பிடி நரம்பையே கட்டிக்கொள்கிறார்கள் என்று இணையத்தில் படித்தேன். இவ்வளவு படித்தவர்கள் அங்கும் இருக்கிறார்கள் என்பது ஆறுதலாக இருந்தது.

புதன்கிழமை விடுப்பு எடுத்தேன். அறுந்த துண்டு, ஆய்வகத்தின் திருகு அளவி, மூன்று பேருந்து. கோட்டைப்பட்டினத்தில் வலைச்சாமான் கடையில் உட்கார்ந்திருந்தவரிடம், புள்ளி ஏழு ஒன்று மில்லிமீட்டர் நரம்பு வேண்டும் என்றேன்.

"தங்கூஸா? என்ன மீனுக்குங்க?"

மீனுக்கு இல்லை என்றேன்.

"மீனுக்கு இல்லாம தங்கூஸ் எதுக்கு சார்? எந்த மீன்னு சொன்னாத்தானே நம்பர் எடுக்க முடியும்."

பாட்டுக்கு என்றேன். அவர் என் கையிலிருந்த அளவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அறுந்த துண்டை வாங்கி இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினார். "கொடுவாக்குப் போடுறது" என்று ஒரு சுருளை எடுத்துப் போட்டார். நான் ஆறு இடத்தில் அளந்தேன். ஆறு இடத்திலும் சரியாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பணம் கொடுக்கும்போது, ஜோடி நரம்பில் ஒன்றுதான் அறுந்தது என்றேன். அவர் சொன்னார். "ஒண்ணா ரெண்டையும் மாத்துங்க சார். பழசும் புதுசும் ஒரே இழுப்புல நிக்காது. வெயில் பட்டா புதுசு ஒரு பக்கம் போகும், பழசு ஒரு பக்கம் போகும்."

வாத்தியத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர் சொல்கிறார். நன்றாக இருக்கும் ஒரு நரம்பைக் கழற்றுவது அறிவியலுக்கு ஒவ்வாதது என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டு, அறுந்ததை மட்டும் மாற்றினேன். அதற்குமுன் புதிய நரம்பை ஒருநாள் முழுவதும் ஃபேன் கொக்கியில் தொங்கவிட்டு, ஆய்வக எடைக்கற்களைக் கட்டி இழுக்கவிட்டேன். மனைவி அதன் அடியில் குனிந்து குனிந்து போய்வந்தாள்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் கோயிலுக்குள் ஐந்து பேர்தான். மழை தூறி, காற்று குளிர்ந்திருந்தது. பதினொரு நரம்பும் அசையாமல் நின்றன. பங்குத்தந்தை தலையாட்டினார். கீபோர்டுக்காரர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் 'வெற்றி' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

சனிக்கிழமை நல்ல வெயில். கோயிலுக்குள் ஊரே இருந்தது, பட்டுச் சேலைகளோடும் மெழுகுவர்த்திகளோடும். திருவிருந்து தொடங்கும்போது ஊத்தை எடுத்து மெதுவாகத் தட்டினேன். இரண்டாம் ஜோடியில் இரண்டு நரம்பும் இரண்டு வீட்டுக்காரர்கள்போலப் பேசின. புதியதைத் திருகினேன், பழையது உறுத்தியது. பழையதைத் திருகினேன், பிரடை வழுக்கி முழுதாக இறங்கிவிட்டது. சுருதி காட்டும் செயலியைத் திறந்தேன். அது ஃபேன் சத்தத்துக்கும் ஒரு குழந்தையின் அழுகைக்கும் நுணுக்கமாகச் சுருதி சொல்லியது.

மைக்கின் முன் அவள் நின்றுகொண்டிருந்தாள். நற்கருணை வாங்க வரிசை நகரத் தொடங்கிவிட்டது. கீபோர்டுக்காரர் விரல்களைக் கட்டைகளின் மேல் கொண்டுபோய், பங்குத்தந்தையைப் பார்த்தார். ஒரு தலையசைப்பு போதும், அவள் மறுபடி வாயசைப்பவளாகிவிடுவாள். அப்போதும் நான் பிரடையைத்தான் திருகிக்கொண்டிருந்தேன்.

அவள் என் பக்கம் குனிந்தாள். "போதுங்க. கைய எடுங்க."

எடுத்தேன். அவள் யாருக்காகவும் காத்திராமல் தொடங்கிவிட்டாள்.

ஊத் கொடுக்கவேண்டிய சுருதியை அவளே எடுத்துக்கொண்டாள். அது நான் நான்கு நாள் உழைத்துச் சேர்த்த சுருதி அல்ல, கொஞ்சம் கீழே. பதினாறு வருடம் பாடிய தொண்டை, தனக்கு வசதியான இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. பல்லவி இரண்டாம் முறை வரும்போது, கனத்த தனி நரம்பைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலுக்கு அதுவும் இறங்கியிருந்தது. ஏறக்குறைய அவள் நின்ற இடத்துக்கே வந்திருந்தது. பாட்டு முடியும்வரை அந்த ஒரு நரம்பை மட்டும் அடிக்கு ஒருமுறை மீட்டினேன். மற்றப் பத்தும் ஓய்வெடுத்தன. மேல் வரி வந்தபோது அவள் குரல் சிரமமில்லாமல் ஏறி இறங்கியது. கைகூப்பி வரிசையில் நின்ற மச்சான் கண்ணைத் துடைத்தார்.

வெளியே பந்தலில் பலர் என் வாசிப்பைப் பாராட்டினார்கள். வெளிநாட்டுச் சங்கீதம் இப்படித்தான் அமைதியாக இருக்கும் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினார். நான் மறுக்கவில்லை.

கீபோர்டுக்காரர் கைபேசியோடு அவளிடம் வந்தார். பாட்டைப் பதிவு செய்து செயலியில் போட்டுப் பார்த்திருக்கிறார்.

"அக்கா, ரெண்டு கட்டைக்கும் நடுவுல பாடியிருக்கீங்க. கீபோர்டுல அந்த எடமே இல்லக்கா."

"இல்லாட்டிப் போகுது தம்பி. எனக்கு எட்டுச்சுல்ல" என்றாள். பிறகு, பந்தி ஆரம்பித்துவிட்டதா பார்த்து வாங்க, பசிக்கிறது என்று என்னை அனுப்பினாள்.