ஒரு சொட்டும் இறங்காத மெத்தை உறை

தோல் தொழில் செய்கிற குடும்பத்தில் பிறந்து ரெக்ஸின் தைக்கப் போனவர் முகமது ரஃபீக். "துணி மேல பிளாஸ்டிக்கைப் பூசி, தோல்னு சொல்லி ஊரை ஏமாத்துறான்" என்று சொந்தக்காரர்களே கிண்டலடிப்பார்கள். அவர் அசரமாட்டார். "தோலு தண்ணி குடிக்கும். என் துணி குடிக்காது" என்பார். திண்டுக்கல்லில் பாதி ஆட்டோ தான் தைத்த சீட்டில்தான் ஓடுகிறது என்று அவர் அளப்பதை, பக்கத்துப் பேட்டரிக் கடையில் உட்கார்ந்து தினமும் கேட்டுத் தொலைத்தவன் நான்.

ஆள் பெருமைக்காரர்தான், ஆனால் வேலை சுத்தம். சீட்டுக்கு அடியில் காற்றுப் போகச் சின்னத் துளைகள் விடுவார். "ரெக்ஸினுக்கு மூச்சு கிடையாதுப்பா. வேர்வை அப்படியே நிக்கும். மேல ஒரு பருத்தித் துண்டை விரிச்சுக்க" என்று ஒவ்வொரு ஆட்டோக்காரரிடமும் சொல்லித்தான் அனுப்புவார். இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

போன வருடம் அவர் மனைவி நர்கீஸ் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். படுக்கை நனைந்துவிடுகிறதே என்பதுதான் அவருக்குப் பெரிய துக்கம். பார்க்க வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பதற்குள் கண்ணை மூடிக்கொள்வார்.

ரஃபீக்குக்குத் தாங்கவில்லை. கடையில் இருந்ததிலேயே கனமான ரெக்ஸினை எடுத்து மெத்தைக்கு உறை தைத்தார். ஊசி போன இடமெல்லாம் பசை தடவி அடைத்தார். காற்றுத் துளை ஒன்றுகூட விடவில்லை. மேலே பருத்தி விரித்தால் அது நனைந்து வாடை வருமே என்று அதையும் விரிக்கவில்லை. உறையில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்து, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். ஒரு சொட்டு இறங்கவில்லை.

"எம் பொண்டாட்டி இனிமே யாருக்கும் கூச வேண்டியதில்ல" என்றார்.

மதியம் சாப்பிடப் போகும்போதெல்லாம் உறையைத் துடைத்துவிட்டு, "நல்லாருக்கா புள்ள?" என்று கேட்பாராம். "நல்லாருக்குங்க" என்பாராம் நர்கீஸ்.

வெயில் காலம் வந்தது. வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் அறிவுச்செல்வி ஒருநாள் நர்கீஸைப் புரட்டிவிட்டு, அப்படியே நின்றுவிட்டார். நான் வாசலில் இருந்தேன்.

"முதுகெல்லாம் புண்ணு. வேர்வையிலேயே ஊறிக் கெடந்திருக்காங்க. யாருண்ணே இதப் போட்டது?"

ரஃபீக் மனைவியிடம் குனிந்து, "வலிச்சிருக்குமே, ஏன் புள்ள சொல்லல?" என்றார்.

நர்கீஸுக்குப் பேச்சு குழறும். அன்று தெளிவாகவே வந்தது. "அம்புட்டு ஆசையாத் தச்சுக் கொண்டாந்தீங்க. எப்படிங்க சொல்லுவேன்?"

அன்றே உறையை உருவிக் கொண்டுவந்து கடை மூலையில் எறிந்தார். ஆஸ்பத்திரி, மருந்து, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. புண் ஆறவில்லை. மழை தொடங்குவதற்குள் நர்கீஸ் போய்விட்டார். அந்த மனுஷி வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சென்ற வாரம் பக்கத்து எரியோட்டிலிருந்து ஒருவர், சொட்டு இறங்காத உறை என்று யாரோ சொல்லக் கேட்டு, படுத்த படுக்கையாயிருக்கும் தன் அப்பாவுக்கு அதைக் கேட்டு வந்தார். ரஃபீக் உள்ளே போய் எடுத்து வந்தார். கொடுக்கவில்லை. அவர் கண்ணெதிரிலேயே கிழிக்க ஆரம்பித்தார். காலால் மிதித்துக்கொண்டு இழுத்தார். பல்லால் கடித்தார். வந்தவர் பயந்து விலகிப் போனார். ஒரு தையல்கூடப் பிரியவில்லை.

"பிய்ய மாட்டேங்குதுப்பா" என்று அதை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். "அம்புட்டுக் கெட்டியாத் தச்சிருக்கேன்."