அக்காவைக் கைகழுவியவர்கள்

இந்த ஊரில் கைகழுவும் தொட்டி ஒன்றுக்குக் குழாய் இரண்டு. ஒன்றில் கொதிநீர், மற்றதில் பனிநீர். உலகத்தையே ஆண்டவர்களுக்கு இரண்டையும் கலக்கத் தெரியவில்லை. காய்ச்சலுக்காக இங்கே இங்கிலாந்தின் லெஸ்டரில் டாக்டரைப் பார்க்கப் போனபோது, நாள் முழுக்கக் கை கழுவும் என் மெர்சி அக்காவைப் பற்றிச் சொன்னேன். "அது உங்கள் மதச் சடங்கா?" என்று பரிவோடு கேட்டார். நாங்கள் நான்கு தலைமுறையாக உங்கள் மிஷன் சபைக்காரர்கள்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. இதற்கான சிறப்பு டாக்டர் லண்டனில்தான், வெகுநாள் காத்திருக்க வேண்டும் என்றார். அதைக் கேட்டபோது மட்டும் சொந்த ஊரில் இருப்பதுபோல் இருந்தது.

எங்கள் ஊர் கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கம், கொல்லயில் என்ற கிராமம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்கா பி.எட். முடித்த வருடம் அது ஆரம்பித்தது. காலையில் கிணற்றடிக்குப் போனால் மத்தியானம்தான் திரும்புவாள். தன் கை பட்ட சோற்றைத் தின்று யாராவது செத்துவிடுவார்கள் என்ற பயம். விரலிடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். நெய்யாற்றின்கரை டாக்டர் ஒருவர் களிம்பு எழுதிக் கொடுத்து, "சுத்தம் நல்லதாக்கும்" என்று அப்பாவைத் தேற்றி அனுப்பினார். சபை உபதேசியார் வந்து, "உள்ள ஏதோ பாவம் கெடக்கு மக்கா, அறிக்கை செய்" என்றார். அக்கா யோசித்து யோசித்து, சிறுவயதில் பென்சில் திருடியதைச் சொன்னாள். அவருக்கு அது போதவில்லை. திருவனந்தபுரத்தில் ஒருவர் தூக்க மாத்திரை தந்தார். தூங்காத நேரமெல்லாம் கழுவினாள்.

கடைசியில் ஓர் இளம் டாக்டரம்மாதான் இது நோய் என்றார். மாத்திரையோடு பயிற்சியும் வேண்டும், அதைத் தருகிறவர்கள் இந்தப் பக்கம் இல்லை, பெங்களூரில் இரண்டு மாதம் தங்க வேண்டும் என்றார். அப்பா வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். பெருங்கடவிளையிலிருந்து வந்த சித்தப்பா வாயைத் திறந்தார்.

"பைத்தியத்துக்குப் பாத்தவள்னு பேரு விழுந்தா இவள எவன் கெட்டுவான்?"

"அப்பம் கை அழுகட்டுமா சித்தப்பா?" என்று அக்கா கேட்டாள். அவர் டீயை உறிஞ்சினார்.

பிறகு என்னிடம் வந்தாள். "எலே, நீ கூட்டிட்டுப் போவியா?"

எனக்கு விசா வந்திருந்தது. "போயிட்டு வாறேன் அக்கா, பெறவு பாப்போம்" என்றேன். எல்லாரையும் ஏளனம் செய்யும் இதே வாயால்தான் சொன்னேன்.

அம்மாவை இழுத்துக்கொண்டு அவளே போனாள். கதவுப் பிடியைத் தொட்டுவிட்டு, கழுவாமல் உட்கார்ந்திருப்பதுதான் பயிற்சியாம். முதல் நாட்களில் அழுதே தீர்த்தாளாம். கொஞ்சம் தேறி ஊருக்கு வந்தால், தொடர்ந்து பார்க்க அங்கே ஆளில்லை. மறுபடி நோய் முற்றியது, மறுபடி ரயில். சித்தப்பாவோ, அவள் பெங்களூரில் வேலை பார்ப்பதாகச் சபையில் சொல்லித் திரிகிறார்.

போன வாரம் அவள் கடிதம் வந்தது. "மரச்சீனிக் கெழங்கு பிடுங்கின கையோட எழுதுதேன். இன்னும் கழுவல்ல. நடுக்கம் உண்டு, எழுத்தப் பாத்தா உனக்கே தெரியும்." தாளின் ஓரத்தில் செம்மண்ணில் அவள் பெருவிரல் ரேகை. கடிதத்தை மடித்துப் பையில் வைத்தபோது, வேலைக்குக் கிளம்பிய என் வெள்ளைச் சட்டையில் அந்த மண் ஒட்டிக்கொண்டது. தட்டிவிடக் கை போனது. அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கைக்காரி கறையைப் பார்த்துவிட்டு, சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.