பதினேழு வெள்ளிக்கிழமைகள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், இத்தாலியின் பலெர்மோவில், ஈழத்திலிருந்து வந்த எங்களில் பாதிப் பேரிடம் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, இருக்கவில்லை. அது இல்லாதவரை உயிர் போகும் நிலை என்றால்தான் அரசாங்க ஆஸ்பத்திரி எடுக்கும். மற்ற நோய்களுக்குத் தனியார் கிளினிக், சொந்தக் காசு. மருத்துவக் காப்புறுதி விற்பவர்களும் முதலில் கேட்டது அந்தப் பத்திரத்தைத்தான்.

ஆகவே வெள்ளிக்கிழமைப் பூசைக்குக் கூடும் பதினொரு குடும்பங்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தன. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த ஒரு கராஜில் முருகன் படம் இருந்தது. தீபாராதனை முடிந்ததும் யாருக்கு என்ன நோய், என்ன செலவு என்று பூசை செய்பவர் சொல்வார். அவர் பகலில் ஓர் அடுக்குமாடிக்குக் காவலாளி. செலவு மற்றப் பத்து வீடுகளுக்கும் பிரியும். ஆனால் யாரும் காசை அங்கே கொடுப்பதில்லை. தங்கள் பங்கை நோயாளியின் வீட்டுக்குத் தாங்களே கொண்டுபோக வேண்டும். ஒரு பெட்டி வைத்தால் சுலபமில்லையா என்று கேட்டேன்.

"பெட்டி போய்ச் சுகம் விசாரிக்குமோ, தங்கச்சி?" என்றார் பூசை செய்பவர்.

ஊரில் நான் பத்திரிகையில் வேலை செய்தவள். அதனால் விதிகளை எழுதித் தரச் சொன்னார்கள். அதுவரை எல்லாம் வாய்ப்பேச்சுத்தான். அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு தாளில் ஐந்து வரி எழுதினேன். மூன்றாவது வரி: உதவி கேட்பவர் வெள்ளிக்கிழமைகளில் மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, உண்ணாதவராக இருக்க வேண்டும். விரதக்காரர் உடம்பைப் பேணுவார், பொய்யும் சொல்லமாட்டார் என்பது அவர்கள் கொடுத்த காரணம். எந்தக் காப்புறுதிக் கம்பனியின் கேள்வித்தாளையும்விட இது கெட்டித்தனமாக எனக்குப் பட்டது.

தாள் வந்தபின் முதலில் உதவி கேட்டவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். ஐஸ் பெட்டிகள் தூக்கிக் குடலிறக்கம் வந்திருந்தது. எங்கள் ஆட்களும் இத்தாலியரைப்போல எர்னியா என்றே சொன்னார்கள். குடல் சிக்கினால் ஆபத்து, ஒரு மாதத்துக்குள் வெட்ட வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். கிளினிக்குக்குக் கட்ட அவரிடம் வழியில்லை.

பூசை செய்பவர் கற்பூரத்தட்டைக் கையில் வைத்தபடி, தாளில் இருந்ததால் மட்டும் கேட்டார்: "வெள்ளி விரதம் பிடிக்கிறனீங்கள்தானே?"

"இல்லை அண்ணை. கோடை முழுக்கக் கணவாய்ச் சோஸ் ருசி பாத்தனான்."

அவருடைய மனைவி நிலத்தைப் பார்த்தார்.

"துப்பியிருக்கலாமே," என்றார் பின்னால் இருந்த ஒருவர்.

"செஃப் பாத்துக்கொண்டு நிண்டவன்."

"அதை ஏன் இஞ்சை சொல்லுறியள்?"

"கேட்டபடியாலை."

எத்தனை வெள்ளி என்று விசாரித்தார்கள். விரல் மடித்து எண்ணிப் பதினேழு என்றார். விதிப்படி உதவி இல்லை. அதை வாய்விட்டுச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

மொண்டெல்லோவில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, அதாவது இத்தாலிய வீட்டுக்கார அம்மாவை, பராமரித்த பெண்தான் கடைசியில் பேசினார். ஊரில் கணவர் காய்ச்சலாய்க் கிடந்தபோது அவருடைய கந்தசஷ்டி விரதத்தை அவருக்குப் பதிலாகத் தான் பிடித்தாராம். "இவருடைய வெள்ளியளை நாங்கள் பிடிச்சால் என்ன?"

வெள்ளியில் எல்லாரும் ஏற்கெனவே விரதமாயிற்றே என்று ஒருவர் நியாயமாகக் கேட்டார். செவ்வாய் என்று முடிவாயிற்று. வீட்டுக்கு ஒருவராக முதல் செவ்வாய் பத்துப் பேர், அடுத்த செவ்வாய் ஏழு பேர். அது முடியும்வரை பங்கு கொடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி.

"முருகன் ரெண்டு கிழமை பொறுப்பார். எர்னியா பொறுக்குமோ?" என்று பூசை செய்பவர் தட்டைக் கீழே வைத்தார்.

மூன்றாம் விதியை வெட்டிவிடவா என்று கேட்டேன். வெட்டவேண்டாம், ஒருவருக்காக இன்னொருவர் பிடிக்கலாம் என்று கீழே எழுதுங்கள் என்றார்கள். எழுதினேன்.

அவருடைய எர்னியா வெட்டு நல்லபடி முடிந்தது. என் பங்கைக் கொண்டுபோன அன்று அவர் நித்திரை. குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே மனைவி குரலைத் தாழ்த்திக் கதைத்தார். பலெர்மோக் கத்தோலிக்க வீடுகள் பலவற்றில் வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது. அதனாலேயே அன்று மீன். அவரும் அப்படியொரு வீட்டில்தான் சமையல் வேலை செய்தார்.

"எங்கடை சிஞ்ஞோரா வெள்ளியெண்டால் வாள்மீன்தான் சமைக்கச் சொல்லுறவ. ருசி பாக்காமல் எப்பிடிக் குடுக்கிறது? என்னை ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. நீங்கள் வேலை செய்யிற வீட்டிலை எப்பிடி?"

விதிகளை எழுதியதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். அன்று மத்தியானம் நான் வேலை செய்த வீட்டில் மத்தி மீன் சோஸை அகப்பையால் எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்திருந்தேன். மூன்றாவது வரியை எழுதும்போது அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. அவர் கராஜில் நின்று பதில் சொன்னபோது வந்தது. அப்போதும் நான் அதை வெளியே சொல்லவில்லை.

"ஓம், நானும் ருசி பாத்தனான்," என்றேன்.

அவர் சீனிப் போத்தலை என் பக்கம் தள்ளினார்.

"அப்ப வாற வெள்ளி ரெண்டு பேருமாச் சொல்லுவம். ஆனால் எழுதினது நீங்கள்தானே. நீங்கள் முதல் சொல்லுங்கோ."