படிகத்தை ஒட்டிய துளி கிரீஸ்

செவ்வாய்க்கிழமை காலை மரகதம் டீச்சரின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிடுச்சு சார்" என்றார். உத்திரமேரூர் பள்ளியில் என்னோடு ஆறு வருடம் இயற்பியல் நடத்திவிட்டு ஆராய்ச்சிக்குப் போனவர் டீச்சர். அங்கே என்ன செய்தார் என்பது, அவரோடு பணியாற்றி, இன்று அஞ்சலிக்குக் கூடியிருக்கும் உங்களில் பலருக்குத் தெரியாது.

அவர் எடுத்துக்கொண்டது காந்தப் படிகங்கள். நம் ஆசிரியர் அறையில் மூன்று பேருக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று வையுங்கள். வடக்கு, தெற்கு என இரண்டு பக்கம்தான் திரும்பலாம். மற்றவர் பார்க்கும் திசையை யாரும் பார்க்கக் கூடாது. இருவர் சமாளித்துவிடுவார்கள். மூன்றாமவர் எப்படித் திரும்பினாலும் திசை ஒருவரோடு ஒத்துப்போய்விடும். முக்கோணமாக அமைந்த அணுக்காந்தங்களுக்கும் இதே தவிப்பு. எவ்வளவு குளிரவைத்தாலும் சில படிகங்களில் அவை ஒழுங்குக்கு வருவதில்லை. அந்தப் படிகங்களுக்குள் விசித்திரமான கிளர்ச்சிகள், அதாவது நுண்ணிய ஆற்றல் அலைகள், ஓடலாம். ஓடினால் அவை துளியளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அந்தத் துளியைக் கண்டுவிட்டதாக டீச்சர் நம்பினார்.

அதைச் சொல்லும் ஆராய்ச்சிக் கட்டுரையை அப்போது ஒரு திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. வேலை நீட்டிப்பே அதை நம்பித்தான். முந்தின நாள் ஞாயிறு மதியம் என் வீட்டுக்கு வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"அளக்கிற மெஷின்ல படிகத்த ஒட்ட துளி கிரீஸ் வெப்போம் சார். அதுவும் சூடு இழுக்கும். முன்னாடியே அத்த தனியா அளந்து கழிச்சிடணும். கழிச்சேன். அப்புறம் படிகம் நழுவிச்சு. இன்னும் கொஞ்சம் வெச்சேன். அத்த கழிக்கல."

"துளிதானே டீச்சர். அனுப்பிடுங்க."

"நான் தேடுறதும் துளிதான் சார்."

"மறுபடி அளந்தா?"

"மெஷின் கிடைக்க ரெண்டு மாசம். அதுக்குள்ள வேலை போயிடும்."

"யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

"இன்னா சார் நீங்க. பிராக்டிகல்ல ரீடிங் மாத்தி எழுதினவன வெளிய நிக்க வெச்சவரு. எனக்கு மட்டும் வேற சட்டமா?" சிரித்தார். போனை எடுத்தார்.

என் கூடத்தில் நின்றே தன் பேராசிரியரை அழைத்தார். எதிர்முனைக் கோபம் எனக்கே கேட்டது. "சரி சார்", "இல்ல சார், அனுப்ப முடியாது" என்ற இரண்டை மட்டுமே டீச்சர் மாற்றி மாற்றிச் சொன்னார்.

வேலை போயிற்று. இரண்டு மாதம் கழித்து, சம்பளமில்லாமல் போய் மீண்டும் அளந்தார். அன்று மாலையே எனக்குப் போன் வந்தது.

"படிகத்துல ஒண்ணும் இல்ல சார். கிரீஸ்தான் பேசிக்கினு இருந்துது."

பிறகு ஒரு கல்லூரியில் பாடம் நடத்தினார். ஆராய்ச்சிக்குத் திரும்ப இடம் கிடைக்கவேயில்லை.

அந்த ஞாயிறு கட்டுரையை அப்படியே அனுப்பச் சொன்னவன் நான். அதை அவர் கடைசிவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்று உங்களிடம் நானே சொல்லிவிட்டேன். டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தத் துணிவுதான்.